செம்மறியும் சிறு குடியானவரும்



பாடத்தில் பின்தங்கிய பிள்ளையைப் பார்த்து, "நீ ஆடு மேய்க்கத்தான் தகுந்தவன்" என்று கடிந்துகொள்ளும் வழக்கம் நம் நாட்டில் நெடுங்காலமாக இருந்து வருகிறது. வீட்டிலும் சொல்வார்கள்; வகுப்பறையிலும் சொல்வார்கள். அறிவு சிறிதும் வேண்டாத தொழில் ஒன்று உலகில் உண்டென்றால் அஃது ஆடு மேய்ப்பதே என்பது அந்தச் சொல்லின் உட்பொருள். நான் பல்லாண்டுகள் ஆசிரியப் பணியாற்றித் தலைமையாசிரியனாக ஓய்வு பெற்றவன். இந்தச் சொல்லைக் கேட்ட பிள்ளைகளுள் உண்மையாகவே ஆடு மேய்க்கும் வீட்டிலிருந்து வந்தவர்களும் இருந்தார்கள். அப்போது அவர்கள் முகம் எப்படிச் சுருங்கும் என்பதைக் கண்டிருக்கிறேன். தாய் தந்தையர் செய்யும் தொழிலையே வசைச்சொல்லாகக் கேட்கும் பிள்ளை, பள்ளியைத் தன் இடமாக எப்படிக் கருதும்? ஆகவே அந்தச் சொல் மெய்தானா என்று இன்று உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறேன்.

நான் வாழும் ஊர் ராஜகீழ்ப்பாக்கம். தாம்பரத்திலிருந்து வேளச்சேரிக்குச் செல்லும் சாலையில் உள்ளது. 2021-ஆம் ஆண்டில் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது எங்கள் ஊரும் அதற்குள் அடங்கிற்று. இன்று வருபவர்க்கு வீடுகளும் கடைகளும் மட்டுமே கண்ணிற்படும். ஆயினும் இஃது ஏரிகளின் நாடு. சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம் என்று அடுத்தடுத்து ஏரிகள். அவற்றின் கீழ் ஒரு காலத்தில் நெல் விளைந்தது. நெல் அறுத்த தாளில் ஆடு மேய்ந்தது. இப்பொழுதும் அகரம்தென், மதுரப்பாக்கம் பக்கத்திலிருந்து சிறு மந்தைகள் சில, வீட்டு மனைகளுக்கு இடையே எஞ்சியிருக்கும் வெற்றிடங்களைத் தேடி வருகின்றன. பத்து ஆடு, பதினைந்து ஆடு, மிஞ்சினால் முப்பது. அவற்றின் பின்னே ஒரு முதியவரோ, ஓர் அம்மையாரோ கையில் கோலுடன் நடந்து வருவார்.

அப்படி வரும் முதியவர் ஒருவரோடு நான் அடிக்கடி உரையாடுவது உண்டு. அவர் எழுத்தறியாதவர். ஒரு கார்த்திகை மாதத்துக் காலையில், எட்டு மணியாகியும் ஆடுகளைப் பட்டியிலேயே வைத்திருந்தார். காரணம் கேட்டேன். "பனி இறங்கட்டும் ஐயா. பனிப்புல் தின்றால் வயிற்றில் பூச்சி ஏறும்" என்றார். இதையே விலங்கு மருத்துவ நூல் எப்படிச் சொல்கிறது? ஆட்டின் நான்காம் இரைப்பையில் தங்கி இரத்தத்தை உறிஞ்சும் புழு ஒன்று உண்டு. அதன் முட்டை பிழுக்கையோடு வெளியே வந்து பொரிகிறது. பொரித்த நுண்புழு, புல்லின்மீது படிந்திருக்கும் ஈரத்தின் வழியாக நுனிவரை ஏறுகிறது. ஈரம் உலர்ந்ததும் கீழே இறங்கிவிடுகிறது. ஆகவே பனி உலர்ந்தபின் மேய்க்கும் ஆட்டுக்குப் புழு குறைவாகவே சேரும். நுண்பெருக்கி இல்லாமலே தலைமுறை தலைமுறையாகக் கண்டறிந்த உண்மை இது.

அவர் கோடையில் ஏரி வற்றும்போது கரையோரத்துப் பசும்புல்லுக்கு ஆட்டை விடமாட்டார். அங்கே நத்தை வாழும். நத்தையின் உடலில் வளரும் தட்டைப்புழு அந்தப் புல்லில் ஒட்டியிருக்கும். ஆட்டின் கண்ணிமையை விரலால் சற்றுத் திருப்பிப் பார்ப்பார். சிவந்திருந்தால் விட்டுவிடுவார், வெளுத்திருந்தால் இரத்தம் குறைந்துவிட்டது, புழுமருந்து வேண்டும் என்று அறிவார். வாயைத் திறந்து பல்லைப் பார்த்து வயது சொல்வார். செம்மறிக்கு மேல்தாடையில் முன்பற்கள் இல்லை, கீழ்த்தாடையில் எட்டு. அவற்றுள் நடு இரண்டும் விழுந்து புதுப்பல் முளைத்தால் ஏறத்தாழ ஒன்றரை வயது. நான்கு பல் இரண்டு வயதுக்கு, ஆறு பல் மூன்று வயதுக்கு, எட்டும் நிரம்பினால் நான்கு வயதுக்கு. இவ்வளவும் அறிந்தவரை அறிவில்லாதவர் என்று சொன்னால், அறிவு என்ற சொல்லுக்கே நாம் பொருள் அறியவில்லை என்றுதான் கொள்ள வேண்டும்.

இனி ஆட்டைப் பற்றிச் சிறிது அறிவோம். செம்மறியையும் வெள்ளாட்டையும் ஒன்றெனக் கருதுவோர் உண்டு. வெள்ளாடு தலைநிமிர்ந்து தழை கடிக்கும். செம்மறி தலைகுனிந்து புல்லை வேரோடு ஒட்டக் கடிக்கும். எங்கள் பக்கத்துச் செம்மறிக்குச் சென்னைச் சிவப்பு என்று பெயர். செங்கற்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களும் அவற்றைச் சூழ்ந்த பகுதிகளும் இதன் தாயகம். செம்மண் நிறம். சிலவற்றுக்கு நெற்றியிலும் அடிவயிற்றிலும் வெண்மை இருக்கும். கிடாவுக்கு வரிவரியான வலிய கொம்பு, பெட்டைக்குக் கொம்பில்லை. கம்பளி தராத இனம் இது. இறைச்சியும் தோலுமே இதன் பயன். தாம்பரத்துக்கு அருகிலுள்ள குரோம்பேட்டைக்கு அப்பெயர் வந்ததே, குரோமிய உப்பால் தோல் பதனிட்ட ஒரு தொழிற்சாலையால்தான். அடையாற்றில் 1948-ஆம் ஆண்டு தோன்றிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தையும் இங்கே நினைவுகூரலாம்.

இதைப்போலவே சேலத்துப் பக்கத்தில் மேச்சேரி, தெற்கே வேம்பூர், கீழக்கரிசல், இராமநாதபுரம் வெள்ளை, நடுநாட்டில் திருச்சிக் கருப்பு என்று ஒவ்வொரு மண்ணும் தனக்கென ஓர் இனத்தைப் படைத்திருக்கிறது. எந்த ஆராய்ச்சிக்கூடமும் அவற்றை உண்டாக்கவில்லை. அந்தந்த ஊரின் வெயிலும் புல்லும், நல்ல கிடாவை நிறுத்திக்கொண்டு மற்றதை விற்ற எளிய மக்களின் தேர்வுமே உண்டாக்கின.

இந்தத் தேர்வைப் பற்றி நம் கல்வெட்டுகள் ஓர் அரிய செய்தி கூறுகின்றன. சோழர் காலத்தில் கோயிலில் அணையா விளக்கு எரிக்க விரும்பியவர், பொன்னுக்குப் பதிலாக ஆடு கொடுப்பதுண்டு. ஒரு விளக்குக்கு 96 ஆடு என்பது தஞ்சைக் கல்வெட்டுகளில் காணும் கணக்கு. வேறு பல ஊர்களில் 90 ஆடு என்றும் வரும். அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். அந்த ஆடுகளைக் கல்வெட்டு 'சாவா மூவாப் பேராடு' என்று குறிக்கிறது. சாகாத, மூப்படையாத ஆடு உலகில் ஏது? ஒவ்வோர் ஆடும் சாகும், மந்தை சாகாது. கிழடானதைக் கழித்து இளம் பெட்டையை அதன் இடத்தில் நிறுத்திக்கொண்டே வந்தால், நூறு ஆண்டு கழித்து எண்ணினாலும் அதே 96 இருக்கும். முதலைத் தொடாமல் வட்டியை மட்டும் உண்ணும் இந்தப் பொருளாதாரத்தை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம்மவர் சட்டமாக எழுதினர்.

இந்தக் கணக்கை இன்றைய சிறு குடியானவரின் பட்டிக்குப் பொருத்திப் பாருங்கள். அவரிடம் பத்துப் பெட்டைகள் இருப்பதாகக் கொள்வோம். செம்மறி ஐந்து மாதம் சினை சுமக்கும். பெரும்பாலும் ஓர் ஈற்றுக்கு ஒரு குட்டியே போடும். ஆண்டுக்கு ஏறத்தாழப் பத்துக் குட்டிகள். அவற்றில் பாதி பெட்டை எனலாம். பெட்டை ஐந்தாறு ஈற்றுக்குமேல் தளர்ந்துவிடும் ஆகையால், ஆண்டுக்கு இரண்டு பெட்டைக்குட்டிகளையாவது நிறுத்திக்கொள்ள வேண்டும். அவையும் உள்ளவற்றில் சிறந்தவையாக இருக்க வேண்டும். எஞ்சியதை விற்றால் அது வருமானம். கணக்கு எளிது, கடைப்பிடிப்பதுதான் அரிது. மகளுக்குக் காய்ச்சல் கண்டால் ஆடு விற்கும். கல்லூரிக் கட்டணம் வந்தால் ஆடு விற்கும். அவசரத்தில் விற்பவர் நல்ல விலை போகும் ஆட்டைத்தான் விற்பார். அதாவது, எதை நிறுத்திக்கொள்ள வேண்டுமோ அதுவே முதலில் வெளியேறுகிறது. சினையாட்டையே விற்றவர்களை அறிவேன். எளியவர்க்கு ஆடுதான் வங்கி. அந்த வங்கியில் வட்டி எடுக்கும் வாய்ப்பு அவருக்கு இல்லை. ஒவ்வொரு முறையும் முதலையே எடுக்க நேர்கிறது. வறுமை வறுமையைப் பெருக்குவது இவ்வாறுதான்.

இரண்டாவது இடர் நிலம். "ஆட்டெரு அவ்வருஷம், மாட்டெரு மறுவருஷம்" என்பது பழமொழி. ஆட்டுப் பிழுக்கை சிறியது, விரைவில் மக்கும். ஆட்டின் சிறுநீரும் மண்ணில் நேராக ஊறும். அதனால் அறுவடை முடிந்த வயலில் இரவுதோறும் கிடை மறிக்கச் சொல்லி, நிலத்துக்காரர் நெல்லோ பணமோ கொடுப்பார். இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகள் பெருமந்தைகளோடு காவிரிப் படுகை வரையில் நடந்து சென்று இதையே தொழிலாக நடத்திவருகின்றனர். எங்கள் பக்கத்திலோ வயல் மனையாயிற்று. வயல் போனதும் தாள் போயிற்று. தாள் போனதும் கிடைக்கூலி போயிற்று. வருவாய்த்துறைக் கணக்கில் மேய்க்கால் புறம்போக்கு என்று ஓர் இனம் உண்டு. ஊரார் ஆடு மாடு மேய்வதற்கென்றே ஒதுக்கப்பட்ட நிலம் அது. பல ஊர்களில் அந்தப் பெயர் ஏட்டில் மட்டும் இருக்கிறது. நிலத்தில் கட்டடம் இருக்கிறது. ஊர்ப் பொதுநிலங்களை ஆக்கிரமிப்பிலிருந்து மீட்க வேண்டும் என்று 2011-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கெல்லாம் ஆணையிட்டது. ஆணை வந்துவிட்டது, புல் இன்னும் வரவில்லை.

மேய்ச்சல் இல்லாத ஆடு குப்பைமேட்டை நாடும். அங்கே உணவுத் துணுக்கோடு நெகிழிப் பையையும் விழுங்கும். அது செரிக்காது, வெளியேறாது, இரைப்பையில் பந்தாகத் திரண்டு ஆட்டை மெல்லக் கொல்லும். வயிறு நிறைந்திருக்கும், உடல் மெலிந்துகொண்டே போகும். நாம் சாலையோரம் வீசும் பைக்கும் ஓர் ஏழையின் முதலுக்கும் உள்ள தொடர்பு இதுதான். தெருநாய்கள் கூட்டமாகச் சேர்ந்து ஓர் இரவில் பட்டியைச் சூறையாடுவதும் புறநகரில் பெருந்தொல்லையாகியிருக்கிறது.

மூன்றாவது இடர் நோய். மழைக்காலத்தில், கொசுவினும் சிறிய ஒருவகைப் பூச்சியால் நீலநாக்கு நோய் பரவுகிறது. ஆட்டுக்கொல்லி நோய் என்பது மற்றொன்று. காய்ச்சல், மூக்கொழுக்கு, வாய்ப்புண், கழிச்சல் என்று தொடங்கிச் சில நாள்களில் மந்தையையே அழிக்கும். இந்தியாவில் இந்நோய் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது நம் தமிழ்நாட்டிலேதான். ஆண்டு 1987, இடம் இன்றைய விழுப்புரம் மாவட்டத்து அரசூர். பின்னர், அந்த அரசூர் நோய்நுண்மியைக் கொண்டே தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தில் தடுப்பூசி உருவாக்கினர். ஒரு முறை போட்டால் மூன்றாண்டு வரையில் காக்கும். மாட்டைக் கொன்றுவந்த வெக்கை நோய் உலகைவிட்டே ஒழிந்ததாக 2011-இல் அறிவித்தார்கள். ஆட்டுக்கொல்லியையும் 2030-க்குள் ஒழிப்பது என்று உலக நிறுவனங்கள் குறிக்கோள் கொண்டுள்ளன. தடுப்பூசி ஆய்வகத்தில் பிறந்தால் போதாது. ஒவ்வொரு பட்டிக்கும் சென்று சேர வேண்டும்.

சேராவிட்டால் என்ன நேரும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். நான் பணியாற்றிய சிற்றூர்ப் பள்ளி ஒன்றில், எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் ஐப்பசி மாதத்தில் தொடர்ந்து பன்னிரண்டு நாள் வரவில்லை. வீட்டுக்குச் சென்று பார்த்தேன். பதினான்கு ஆடுகளில் ஆறு, ஒரே வாரத்தில் இறந்திருந்தன. துள்ளுமாரி என்றார்கள். முதல்மழைக்குத் தழைக்கும் இளம்புல்லை ஆடு வயிறார மேயும்போது, குடலில் உள்ள நுண்ணுயிர் திடீரெனப் பெருகி நஞ்சைக் கக்குகிறது. கொழுத்த குட்டிதான் முதலில் துள்ளி விழும். மழைக்குமுன் ஓர் ஊசி போட்டிருந்தால் தடுத்திருக்கலாம். ஊசி இருக்கிறது என்று அந்த வீட்டாருக்கு யாரும் சொல்லவில்லை. அந்தப் பையனின் தாயார், "பள்ளிக்கூடம் எங்கும் போய்விடாது ஐயா, ஆடு போய்விட்டதே" என்றார். அவன் அடுத்த ஜூன் மாதம் திரும்பி வந்தான். அவனுடைய தங்கை வரவே இல்லை.

இந்தப் பிள்ளைகளைப் பற்றி ஆசிரியர்கள் அறிவார்கள். தாள் மேய்ச்சல் தொடங்கும் மாதங்களில் வருகைப் பதிவேட்டில் சில பெயர்களுக்கு நேரே மட்டும் வராக்குறி வரிசையாக விழும். வீட்டில் பெரியவர் கூலி வேலைக்குச் சென்றால், மந்தையோடு நடப்பது பிள்ளையின் கடமையாகிறது. பெண் பிள்ளையாயின் அந்தக் கடமைக்கு முடிவே இல்லை. இதற்குச் சில ஊர்களில் நல்ல வழி கண்டிருக்கிறார்கள். நான்கைந்து வீட்டு ஆடுகளைச் சேர்த்து, முறைவைத்துப் பெரியவர் ஒருவர் மேய்ப்பார். பிள்ளைகள் எல்லாரும் பள்ளியில் இருப்பார்கள். பணம் ஒன்றும் செலவில்லாத சீர்திருத்தம் இது.

நான்காவது இடர் விலை. செஞ்சி, எட்டயபுரம் போன்ற ஊர்களின் சந்தைகளில் தீபாவளிக்கும் பக்ரீத்துக்கும் முன்னர் ஆடுகள் குவியும். விற்பவர் சிறு குடியானவர்; வாங்குபவர் நாள்தோறும் வாங்கிப் பழகியவர். துண்டுக்குள் கைவிட்டு விரல் பிடித்துப் பேசும் பழைய முறை இன்னும் சில இடங்களில் உண்டு. பெரும்பாலும் எடை போடுவது இல்லை, கண்மதிப்புத்தான். கண்மதிப்பு எப்போதும் பழகிய கண்ணுக்கே சாதகமாக இருக்கும். இங்கேதான் பள்ளிக் கணிதம் உதவுகிறது. ஆட்டின் முன்காலுக்குச் சற்றுப் பின்னே மார்புச் சுற்றளவை அங்குலத்தில் எடுங்கள். தோள்முனையிலிருந்து பின்தொடை எலும்பு முனைவரை நீளத்தையும் எடுங்கள். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் எடை ஏறக்குறையக் கிலோவில் கிடைக்கும். சுற்றளவு 28, நீளம் 25 என்றால், 784-ஐ 25-ஆல் பெருக்க 19,600. 660-ஆல் வகுக்க ஏறத்தாழ 30 கிலோ. இது மதிப்பீடே ஆயினும் வெறுங்கையோடு சந்தைக்குப் போவதைவிட நன்று. தையற்காரரின் நாடா ஒன்றே போதும்.

இவ்விடர்களைப் போக்க முயற்சி நடவாமலில்லை. 2011-ஆம் ஆண்டு தமிழக அரசு, ஏழு இலட்சம் ஏழைக் குடும்பங்களுக்குத் தலா நான்கு ஆடுகள் விலையின்றி வழங்கும் திட்டத்தைத் தொடங்கிற்று. நான்கு ஆட்டைக் கொண்டு தலைநிமிர்ந்த குடும்பங்கள் உண்டு. மேய்க்க இடமின்றி விற்றுவிட்டவர்களும் உண்டு. ஆட்டைக் கொடுப்பது எளிது. ஆட்டுக்குப் புல் கொடுப்பதே கடினம். 2012-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 48 இலட்சம் செம்மறிகள் இருந்தன. 2019-இல் அவை 45 இலட்சமாகக் குறைந்தன. அதே காலத்தில் நாடு முழுவதும் செம்மறிகள் பெருகி 7 கோடியே 40 இலட்சத்தைக் கடந்தன. ஆகவே தொழில் நலிந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை. இங்கே அதற்கு இடம் சுருங்கிவிட்டது என்றே சொல்ல வேண்டும்.

தாம்பரத்துக்குத் தெற்கே காட்டாங்கொளத்தூரை அடுத்த காட்டுப்பாக்கத்தில், கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் ஒன்று இருக்கிறது. சென்னைச் சிவப்பு இனத்தைத் தூய்மையாகப் பேணுவதும் மேம்படுத்துவதும் அங்கே நடக்கும் பணிகளுள் ஒன்று. இஃது ஏன் இன்றியமையாதது? இருபத்தைந்து பெட்டைகளுக்கு ஒரு கிடா போதும். சிறு மந்தைக்காரர் தனியாக நல்ல கிடா வாங்க இயலாமல், தம் பட்டியில் பிறந்ததையே நிறுத்துகிறார். இரண்டு மூன்று தலைமுறை இப்படியே சென்றால், நெருங்கிய இரத்தக் கலப்பால் குட்டிகள் நலிவடையும். பக்கத்து ஊராரோடு இரண்டாண்டுக்கு ஒரு முறை கிடாவை மாற்றிக்கொண்டால் இந்தக் குறை தீரும். இதற்கும் பணம் வேண்டியதில்லை, ஒற்றுமை வேண்டும்.

மாணவர்களே, நீங்கள் செய்யக்கூடியவை சில உண்டு. உங்கள் ஊரில் ஆடு வளர்ப்போர் இருந்தால், கால்நடை மருந்தகத்தில் எந்த மாதம் எந்த ஊசி போடுகிறார்கள் என்று கேட்டு, எழுதி, அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். பள்ளி வேலியோரத்தில் அகத்தியும் சூபாபுல்லும் நடுங்கள்; கழித்த தழை ஒரு பட்டிக்குத் தீனியாகும். உங்கள் ஊர் மேய்க்கால் எங்கே இருந்தது என்று முதியவர்களைக் கேட்டு ஒரு படம் வரையுங்கள். வரைபடத்தில் ஏறிய நிலத்தைக் காணாமற்போக்குவது சற்றுக் கடினம். கல்லூரியில் விலங்கு மருத்துவம் பயில்வோர், ஆய்வகத்தில் கற்றதை ஒரு மேய்ப்பரின் முன்னே வைத்துச் சரிபாருங்கள். அவர் அறிந்த சில செய்திகள் உங்கள் நூலில் இன்னும் ஏறியிருக்க மாட்டா.

மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்போருக்கும் உரிய ஆண்டு என்று 2026-ஐ ஐக்கிய நாடுகள் அவை அறிவித்தது. ஓர் ஆண்டு வந்து போகும். ஆனால் மழைக்கு முன் போடும் ஊசியும், ஊருக்குப் பொதுவான நாலு ஏக்கர் புல்லும், பள்ளியில் தங்கிய ஒரு பெண் பிள்ளையும் ஒவ்வோர் ஆண்டும் வேண்டும். அவற்றுள் ஒன்றையேனும் உங்கள் ஊரில் நிலைநிறுத்த முயலுங்கள்.